வீடும் வட்டியும்

உண்ண உணவும் உடுக்க உடையும் உழைப்பவன் தன் கூலியைக் கொண்டே நாள்தோறும் தேடிக்கொள்ளுதல் கூடும். உறைவதற்கோர் இல்லம் அவ்விதம் கிடைப்பதன்று. இருபது முப்பது ஆண்டுகளில் ஈட்டக்கூடிய பொருளை ஒரே நாளில் எண்ணி வைத்தாலன்றி வீடு கைக்கு வாராது. அத்துணைப் பொருளை ஒருங்கே வைத்திருப்போர் எந்நாட்டிலும் மிகச் சிலரே. ஏனையோர் கடன் கொண்டே வீடு கொள்ள வேண்டியவர்களாயிருக்கின்றனர். ஆதலின், ‘நமக்குக் கடன் தருவார் யார்? அக்கடனுக்கு நாம் கொடுக்கும் விலை யாது?’ என்னும் இரு வினாக்களுக்கும் வீடு வேண்டுவார் ஒவ்வொருவரும் விடை காணுதல் வேண்டும்.

நம்மவரோ முதல் வினாவையே பெரிதாக எண்ணி, இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். கடன் தருவார் ஒருவர் அகப்பட்டால் அதுவே பெரும்பேறென மகிழ்ந்து, காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுத் திரும்புகின்றனர். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கேட்கின்றனரேயன்றி, கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு போயிருக்கும் என்பதைக் கேட்பதில்லை. இம்மனப்பான்மை நேற்றுத் தோன்றியதன்று. கடன் கேட்க வேறிடமின்றி நெடுங்காலம் வாழ்ந்த மக்களிடம் படிந்துவிட்ட பழக்கம் இது. ஒரு பழக்கத்தின் வேரை அறிந்தாலன்றி அதனைக் களைய இயலாது. ஆகவே, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டுக்கும் நிலத்துக்கும் கடன் கிடைத்த வரலாற்றைச் சற்று ஆராய்வோம்.

முன்னோர் கண்ட வட்டி

வட்டி தமிழருக்குப் புதியதன்று. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் அது ‘பொலிசை’ என்றும் ‘பலிசை’ என்றும் வழங்குகிறது. முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டளவில் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பார்த்தால், கோயிலுக்கு வந்த பொருள் ஊர்ச் சபைகளிடம் கடனாக வைக்கப்பட்டதும், காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்காற் காசு பலிசையாகப் பெறப்பட்டதும் தெரியவரும். அரைக்கால் என்பது எட்டில் ஒன்று. அஃதாவது ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை. முதல் இவ்வளவு, பலிசை இவ்வளவு, செலுத்த வேண்டிய ஊர் இன்னது என்று கணக்கைக் கல்லிலே வெட்டி வைத்தனர். பின்னாளில் ஒருவரும் மாற்றிச் சொல்ல வழியில்லை. இது பாராட்டத்தக்கதே. ஆயினும் அக்கடனைப் பெற்றவை நிலமுடைய சபைகளும் ஊர்களுமேயன்றி, நிலமற்ற ஏழைகளல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

வடமொழி நூல்களும் வட்டியைப் பற்றிப் பேசுகின்றன. அர்த்தசாத்திரம் பொதுவான கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றேகால் தகும் என்றும், வாணிகத்துக்கு ஐந்து, காடு கடந்து செல்வோர்க்குப் பத்து, கடல் கடந்து செல்வோர்க்கு இருபது என்றும் வகுத்தது. இந்த வீதங்கள் நமக்குக் கடுமையாகத் தோன்றினும், இடர் மிகுந்தால் வட்டி மிகும் என்றதொரு நியாயம் அங்கே உண்டு. மநுதர்ம சாத்திரமோ தன் எட்டாம் அத்தியாயத்தில், பிராமணனிடம் மாதம் நூற்றுக்கு இரண்டும், க்ஷத்திரியனிடம் மூன்றும், வைசியனிடம் நான்கும், சூத்திரனிடம் ஐந்தும் வாங்கலாம் என்று விதித்தது. ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது! பணம் ஒன்றே, நாணயம் ஒன்றே, திருப்பித் தரும் காலமும் ஒன்றே. வாங்குபவன் எந்த வயிற்றிற் பிறந்தான் என்பது மட்டுமே வேறு. எவன் உழைத்துச் சோறு போடுகிறானோ அவன் தலையில் மிகுந்த வட்டி. எவன் உழையாது உண்கிறானோ அவனுக்குக் குறைந்த வட்டி. இதைத் தருமம் என்று நம் மக்களுக்குக் கற்பித்து வந்தனர்.

எனினும் அந்நூலிலேயே கொள்ளத்தக்க விதி ஒன்றும் உண்டு. ஒரே முறையாகப் பெறும் வட்டி முதலின் அளவை மீறலாகாது என்பதே அது. நூறு கொடுத்தவன் முதலும் வட்டியுமாக இருநூற்றுக்கு மேற் கேட்கக்கூடாது. யார் கூறினும் நல்லதை நல்லதென்றே கொள்ளவேண்டும். இவ்விதி இன்று எந்த உருவில் நம்மிடம் திரும்பி வந்திருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

கிட்டங்கியின் காலம்

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் கொடி ஏறிய பின்னர், 1820-ஆம் ஆண்டுகளிலிருந்து நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கு வந்து தொழில் தொடங்கினர். 1859-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர்த் தேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பும் அளவுக்கு அவர்கள் வேரூன்றிவிட்டனர். சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, பினாங்கில் பினாங்குத் தெரு, கோலாலம்பூரில் அம்பாங் தெரு ஆகியவற்றில் அவர்களுடைய கிட்டங்கிகள் நின்றன. நீண்டதொரு கூடம், அதிலே வரிசையாகச் சாய்மேசைகளும் மரப்பெட்டிகளும், ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனிக் கடை. முதலாளி ஊரிலிருப்பார், இங்கே மேலாளும் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் தரையிலமர்ந்து பேரேடு எழுதுவர். அவர்களுக்குள் கடன் கொடுத்து வாங்கும்போது வழங்கும் வீதத்துக்கு ‘நடப்பு வட்டி’ என்று பெயர்.

அந்நாளில் வெள்ளையர் பாங்கிகள் பெருங்கம்பெனிகளுக்கன்றிச் சிறியோர்க்குக் கதவு திறக்கவில்லை. ஐந்து ஏக்கர் ரப்பர் வைத்த மலாய்க்காரர், கடைவீடு வாங்க விரும்பிய சீனர், சம்பளம் போதாத குமாஸ்தா ஆகிய இவர்களெல்லாம் பாங்கித் துரையின் அறைக்குள் நுழைய முடியுமா? கிட்டங்கிப் படியேறுவதற்கோ ஆங்கிலம் வேண்டியதில்லை, சிபாரிசுக் கடிதமும் வேண்டியதில்லை. நிலப்பட்டாவோ நகையோ தக்க ஜாமீனோ இருந்தாற் போதும். அன்றே பணம் கிடைக்கும். இந்நாட்டின் ஈயமும் ரப்பரும் கடைத்தெருக்களும் வளர்ந்ததில் அக்கடனுக்குப் பெரும் பங்குண்டு. இதனை மறுப்பது நன்றி மறத்தலாகும்.

ஆனால் எளிதிற் கிடைக்கும் கடன் மலிவான கடனாயிருப்பதில்லை. கடன் கொடுப்பாருக்கு இட்ட பெயர் எதுவாயினும், அவர் எக்குலத்தவராயினும், எந்நாட்டவராயினும், சொன்ன வட்டி வேறாகவும் வாங்கிய வட்டி வேறாகவும் ஆகும் வழிகள் எங்குமுண்டு. அவற்றுள் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 1,000 வெள்ளி கடன் கேட்கிறார். ‘நூற்றுக்குப் பத்துத்தான் வட்டி, மாதம் 100 வெள்ளியாகப் பத்து மாதத்தில் தீர்த்துவிடலாம்’ என்கிறார் கொடுப்பவர். வட்டி 100 வெள்ளியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 900 வெள்ளியை எண்ணிக் கொடுக்கிறார். வாங்கியவர் பத்து வட்டி கொடுத்ததாக எண்ணுகிறார். உண்மை அதுவன்று. அவர் கைக்கு வந்தது 900 தான். அதையும் அவர் பத்து மாதமும் வைத்திருக்கவில்லை. முதல் மாதத்திலிருந்தே மாதந்தோறும் நூறாகத் திருப்பிக் கொண்டிருக்கிறார். சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறையப் பாதித் தொகையே அவர் கையில் இருந்திருக்கிறது. முறையாகக் கணக்கிட்டால் அவ்வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 23-க்கு மேல் ஆகும். பத்து என்ற சொல்லுக்குள் இருபத்து மூன்று ஒளிந்திருந்தது. ஒளித்தவன் பொய் சொல்லவில்லை. கேட்டவன் கணக்குப் போடவில்லை.

ஈடு வைத்தவன் நிலை

வட்டியைக் காட்டிலும் கூர்ந்து நோக்கவேண்டியது ஈடு. ஈடு வைத்த பொருள் யாருடையது என்னும் கேள்விக்குப் பல நாட்டார் பல விடை கண்டனர். தமிழ்நாட்டு ஒற்றியில், நிலத்தின் விளைவைக் கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாக அனுபவிப்பார். மலாய் மக்களிடையே ‘ஜுவல் ஜாஞ்சி’ என்றொரு முறை இருந்தது. நிலத்தை விற்றுவிடுவது போலக் கொடுத்து, குறித்த தவணைக்குள் பணத்தைத் திருப்பினால் நிலம் மீளும் என்று வாக்குப் பெறுவது அது. வட்டி விலக்கப்பட்ட இசுலாமியச் சமூகத்தில் கடன் இவ்வுருவிற் புகுந்தது. தவணை தவறினாலோ நிலம் போயிற்று.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்ற நாடுகளில் ஆங்கிலேயர் தம் நாட்டு அடமான முறையைக் கொண்டுவந்தனர். அதன்படி சொத்தின் உரிமையே கடன் கொடுத்தவர் பெயருக்கு மாறும். கடன் தீர்ந்த பின்னரே திரும்ப எழுதப்படும். மலாய் நாடுகளிலோ வேறொரு முறை வேரூன்றியது. 1858-ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் என்பவர் நிலப் பதிவுக்குப் புதியதொரு சட்டம் கண்டார். சர்க்காரின் பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உடையவர் என்பது அதன் சாரம். 1891-ஆம் ஆண்டில் சிலாங்கூர் அம்முறையில் பதிவுச் சட்டம் இயற்றியது. அது பின்னர் மலாய் நாடுகளெங்கும் பரவி, 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டமாக முதிர்ந்தது. இம்முறையில் கடன் வாங்கியவர் பெயர் பதிவேட்டிலிருந்து நீங்காது. கொடுத்தவருக்கு ‘சார்ஜ்’ என்னும் உரிமை ஒன்று பட்டாவின் மேற் பதியப்படும். கடன் தவறினால் அவர் தாமே நிலத்தை எடுத்துக்கொள்ள முடியாது. முறைப்படி ஏலத்துக்கு விட்டுத் தம் கடனைப் பெறலாம். எஞ்சிய தொகை உடையவரைச் சேரும்.

சட்டம் இவ்வளவு காத்தும், உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஏழைகள் தப்பவில்லை. 1930-ஆம் ஆண்டிலிருந்து ரப்பர் விலை வீழ்ந்தது. பால் மரம் வெட்டி வட்டி கட்டியவரால் கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. வாங்க ஆளில்லாத ஏலத்திலே நிலம் கடன் கொடுத்தவர் கையிலேயே தங்கியது. மலாய் மக்களிடையே மனக்கசப்பு மூண்டது. ஐக்கிய மலாய் நாட்டுச் சர்க்கார் 1931-ஆம் ஆண்டில் சிறு நிலங்களை ஏலமிடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றும், 1933-ஆம் ஆண்டில் மலாய் ஒதுக்கீட்டு நிலங்களை மலாய்க்காரரல்லாதார்க்கு ஈடு வைப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றும் இயற்றியது. நாம் இதிலிருந்து கற்கவேண்டிய பாடம் உண்டு. நல்ல காலத்தின் விலையைக் கொண்டு கடன் வாங்கிக் கெட்ட காலத்தின் வருவாயைக் கொண்டு தீர்க்க நேரிடும் என்பதை எண்ணாதவன், தன் நிலத்தைத் தானே ஏலத்துக்கு அனுப்பியவனாகிறான்.

எழுத்திலே தருக

மந்தத்தின் பின்னர்ச் சர்க்கார் விழித்துக்கொண்டது. நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1935-ஆம் ஆண்டிலும், மலாயாக் கூட்டரசில் 1951-ஆம் ஆண்டிலும் வட்டிக்குப் பணம் கொடுப்போர் பற்றிய சட்டங்கள் தோன்றின. கொடுப்பவர் உரிமம் பெறவேண்டும். கடனின் விவரங்களை எழுத்தில் எழுதி, வாங்குபவர் கையொப்பமிட்டபின் அவருக்கும் ஒரு படி தரவேண்டும் என்பன அவற்றின் கருத்து. சோழன் கல்லில் வெட்டியதைச் சட்டம் தாளில் எழுதச் சொன்னது.

மலேசியாவின் சட்டம் இன்றைய வடிவில், உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடுள்ள கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12-க்கும், ஈடில்லாத கடனுக்கு 18-க்கும் மேல் வாங்கலாகாது என்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையிற் கண்ட பன்னிரண்டரைக்கும் இதற்கும் உள்ள தூரம் அரை வெள்ளிதான்! சிங்கப்பூரிலோ 2015-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், இத்தகையோர் வாங்கும் வட்டியும் கட்டணமும் தாமத அபராதமும் எல்லாம் சேர்ந்து முதலின் அளவை மீறலாகாது என்று விதிக்கப்பட்டது. வட்டி முதலைத் தாண்டலாகாது என்ற பழைய விதி, குலவேற்றுமை என்னும் அழுக்கு நீங்கி, எல்லார்க்கும் ஒன்றாக இங்கே திரும்பி வந்திருக்கிறது.

ஈடில்லாதவனுக்கு யார் உளர்?

இதுகாறும் கூறியவை யாவும் ஈடு வைக்க ஏதேனும் உடையவனின் கதை. ஒன்றும் இல்லாதவன் என் செய்தான்?

ரப்பர்த் தோட்டத்துத் தமிழனை நினைத்துப் பாருங்கள். அவன் காட்டை அழித்தான், மரம் நட்டான், பால் வெட்டினான். அவன் குடியிருந்த லயத்து அறையோ தோட்டத்துக்குச் சொந்தம். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும். நாற்பது ஆண்டு உழைத்தவனும் வயது முதிர்ந்தபின் ஒரு தகரப் பெட்டியுடன் வெளியேற வேண்டியவனே. கிட்டங்கி அவனுக்கு வீட்டுக் கடன் தராது. அவனிடம் பட்டா இல்லை. பாங்கியைப் பற்றிப் பேசவே வேண்டா. அவன் அறிந்த கடன் தோட்டத்துக் கடையில் அரிசிக்கும் கள்ளுக்கும் எழுதிய கடன் ஒன்றே. அக்கடனில் வீடு எழும்புவதில்லை; எழும்பிய வீடும் விழும்.

இந்நிலையை மாற்ற வல்லது கூட்டுறவு என்பதைச் சிலர் உணர்ந்தனர். 1922-ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளில் கூட்டுறவுச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டே தபால் தந்தி ஊழியரின் சிக்கன, கடனுதவிச் சங்கம் பதிவாயிற்று. 1925-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் அரசாங்க ஊழியரின் சங்கம் தோன்றியது. பின்னர்த் தோட்டங்களிலும் தொழிலாளர் சிக்கனச் சங்கங்கள் அமைந்தன. மாதந்தோறும் ஒரு சிறு தொகையைச் சேர்ப்பது, சேர்த்ததிலிருந்து அங்கத்தினர்க்கே குறைந்த வட்டியிற் கடன் கொடுப்பது, வந்த வட்டியை அங்கத்தினர்க்கே பங்கிடுவது என்பன அவற்றின் முறை. கடன் கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவனே ஆகிவிட்டால் யார் யாரை ஏமாற்றுவது?

இக்கொள்கையின் பெருஞ்சோதனை 1950-ஆம் ஆண்டுகளில் வந்தது. வெள்ளையர் தம் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்லத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். துண்டாடப்பட்டது நிலம் மட்டுமன்று. தமிழன் வாழ்வும் துண்டாயிற்று. வேலையும் லயமும் ஒருங்கே போயின. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்தினர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தனித்தனியே எந்தப் பாங்கியும் நம்பாத மக்கள் ஒன்றுசேர்ந்தபோது ஒரு தோட்டத்தையே விலைக்கு வாங்கினர். ஈடில்லாதவனுக்கு உள்ள ஈடு அவன் தோழனே என்பது அன்று மெய்யாயிற்று.

வரப்போகும் வீடே ஈடு

வீட்டுக் கடன் வரலாற்றில் மற்றொரு பெருந்திருப்பம் உண்டு. அது இங்கிலாந்தில் ஒரு சத்திரத்தில் தொடங்கியது. 1775-ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரில் ரிச்சர்ட் கெட்லி என்னும் சத்திரக்காரர், தம்மிடம் வருவோரைச் சேர்த்து ஒரு சங்கம் கண்டார். எல்லாரும் மாதந்தோறும் பணம் கட்டுவது. சேர்ந்த பணத்தில் ஒருவர் பின் ஒருவராக வீடு கட்டிக்கொள்வது. எல்லாருக்கும் வீடு கிடைத்ததும் சங்கத்தைக் கலைப்பது. நம்மவர் கூட்டுப் பிடிப்பதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. நாம் அதைக் கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் பிடித்தோம். அவர்கள் வீட்டுக்குப் பிடித்தனர். இந்தச் சிறு சங்கத்தின் வழியே கட்டடச் சங்கங்கள் பெருகின. வாங்கப் போகும் வீட்டையே ஈடாகக் கொண்டு, மாதச் சம்பளத்தையே நம்பிக்கையாகக் கொண்டு கடன் கொடுக்கும் முறை அவற்றால் பரவியது. முன்பு உள்ளவனுக்கே கடன். இனி உழைப்பவனுக்கும் கடன்.

மலாயாவில் அத்தகைய கட்டடச் சங்கம் 1950-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1956-ஆம் ஆண்டில் ‘மலாயா போர்னியோ கட்டடச் சங்கம்’ என்று பெயர் பெற்றது. சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1964-ஆம் ஆண்டில் வீட்டுரிமைத் திட்டத்தைத் தொடங்கியது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளி. மூவறை வீடு 6,200 வெள்ளி. முதலில் வாங்க வந்தோர் பலரல்லர். சம்பளத்திற் பிடித்த சேமநிதி முதுமையிலன்றிக் கைக்கு வாராது. முன்பணத்துக்கு எங்கே செல்வது? 1968-ஆம் ஆண்டில் மத்திய சேமநிதியை வீட்டுக்குச் செலுத்தலாம் என்று சட்டம் திருத்தப்பட்டதும் நிலைமை மாறியது. கூலிக்காரன் வீட்டுக்காரன் ஆனான். கழகம் தரும் கடனின் வட்டி, சேமநிதிச் சாதாரணக் கணக்கின் வட்டியைவிட நூற்றுக்குக் கால் வெள்ளிகூட மிகாது, 0.1 மட்டுமே கூடுதலாக வைக்கப்படுகிறது. மார்க்கெட் தெருவின் பெட்டிகளும், தோட்டத்துக் கடை ஏடும், சத்திரத்துச் சங்கமும் கடந்து நாம் வந்து சேர்ந்த இடம் இது.

இன்றைய கணக்கு

இன்று கடன் தருவார் பலர். பாங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், அரசாங்க அமைப்புகள் யாவும் நம்மை அழைக்கின்றன. ‘யாரிடம் கேட்பது’ என்ற முதல் வினா தீர்ந்தது. ‘என்ன விலை’ என்ற இரண்டாம் வினாவோ இன்னும் தீரவில்லை. அதற்குச் சில செய்திகளை நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஒருவர் 3,00,000 வெள்ளியை ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வட்டியில், முப்பது ஆண்டுத் தவணையிற் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். மாதம் ஏறக்குறைய 1,432 வெள்ளி கட்டவேண்டும். முதல் மாதம் கட்டும் 1,432-இல் 1,000 வெள்ளி வட்டிக்கே போகிறது. 432 வெள்ளிதான் முதலைக் குறைக்கிறது. முப்பது ஆண்டு முடிவில் அவர் கட்டியிருப்பது 5,15,600 வெள்ளிக்குச் சற்று மேல். அதில் வட்டி மட்டும் 2,15,600. அதே கடனை இருபது ஆண்டில் தீர்ப்பதாயின் மாதம் 1,818 வெள்ளி. மொத்த வட்டி ஏறக்குறைய 1,36,300. மாதம் 386 வெள்ளி கூடுதலாகக் கட்டுவதால் 79,000 வெள்ளிக்கு மேல் மிஞ்சுகிறது. மாதத் தவணை குறைவாக இருப்பதே மலிவு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்க.

வட்டியில் அரை என்பதும் சிறிதன்று. அதே 3,00,000 வெள்ளிக்கு, அதே முப்பது ஆண்டுக்கு, 4 என்பது 4½ ஆனால், மொத்தத்தில் 31,600 வெள்ளி மிகுதியாகப் போகும். ஆகவே ஒரே இடத்திற் கேட்டுத் திருப்தியடையாது, மூன்று நான்கு இடங்களிற் கேட்டு, எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். கத்தரிக்காய் வாங்க நாலு கடை ஏறும் நாம், வீட்டுக் கடனுக்கு ஒரே கடையோடு நிற்பது அறியாமையன்றோ?

இக்கால வட்டி பெரும்பாலும் நிலையானதன்று. அடிப்படை வீதம் ஒன்று. அதன்மேற் பாங்கி சேர்க்கும் கூடுதல் ஒன்று. மலேசியாவில் 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் புதிய வீட்டுக் கடன்களுக்கு எல்லாப் பாங்கிகளும் ஒரே தரப்படுத்திய அடிப்படை வீதத்தைக் கொள்கின்றன. அது நாட்டின் மத்திய பாங்கி வைக்கும் வீதத்தோடு ஏறும், இறங்கும். ஆதலின் பாங்கிகளை ஒப்பிடும்போது நோக்கவேண்டியது அவை சேர்க்கும் கூடுதலையே. அடிப்படை ஏறினால் நம் சம்பளம் தாங்குமா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும். 1930-இன் ஏலங்கள் நமக்கு இதையே கற்பித்தன.

வட்டியின் பின்னே வரும் செலவுகள் பல. வீட்டை மதிப்பிடுவோர் கட்டணம், வக்கீல் கட்டணம், கடன் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை, வாங்கியவர் இறந்தால் கடனைத் தீர்க்கும் காப்புறுதி ஆகியவை அவை. மலேசியாவிற் கடன் பத்திரத்தின் தீர்வை கடன் தொகையில் நூற்றுக்கு அரை. 3,00,000 வெள்ளிக்கு 1,500 வெள்ளி. சில ஒப்பந்தங்களில் குறித்த ஆண்டுகளுக்குள் கடனைத் தீர்த்தாலும், வேறு பாங்கிக்கு மாற்றினாலும் அபராதம் உண்டு. முன்கூட்டிக் கடனை அடைப்பவனுக்குத் தண்டனையா என்று வியக்கவேண்டா. பத்திரத்தில் அது எழுதியிருக்கும். படியாமற் கையொப்பமிட்டது நம் பிழை.

முடிவுரை

வரலாறு நமக்குக் காட்டும் உண்மை ஒன்று உண்டு. கடன் கொடுப்பவர் மனமிரங்கியதால் எக்காலத்தும் வட்டி குறைந்ததில்லை. கணக்கு எழுத்தில் வெளிப்பட்டபோது குறைந்தது. சட்டம் எல்லை வகுத்தபோது குறைந்தது. ஏழைகள் ஒன்றுசேர்ந்து தாமே கடன் கொடுப்போராகியபோது குறைந்தது. பிறப்பை நோக்கி வட்டி வகுத்த காலம் போயிற்று. இன்று கணக்கறிந்தவனுக்கு ஒரு வட்டி, கணக்கறியாதவனுக்கு ஒரு வட்டி என்பதே உலகியலாக இருக்கிறது. சட்டத்தில் இல்லாத இந்த வேற்றுமையை நம் அறியாமையே உண்டாக்கியது. நம் அறிவே அதனை ஒழிக்கவும் வல்லது.

லயத்து அறையிற் பிறந்து, தகரப் பெட்டியுடன் வெளியேறிய நம் மூத்தோர்க்குப் பத்திரத்தைப் படிக்க எழுத்துத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளுமில்லை. நமக்கு இரண்டும் உண்டு. கையொப்பமிடுமுன் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியோடும் படித்த பிள்ளையோடும் அமர்ந்து, ‘மொத்தம் எவ்வளவு?’ என்ற ஒரு கேள்வியைக் கேட்டுக் கணக்கிடும் வழக்கம் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்திலும் உண்டாகுமாயின், அதுவே நம்மவர் கட்டும் வீட்டுக்கு உறுதியான அடித்தளமாகும்.